மழை முந்துமா, கணக்கு முந்துமா? உயர்திறன் கணிப்பு பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் வால்பாறை நனைந்து ஊறிப்போகும். அங்கிருந்து மலையிறங்கி உடுமலைக்கு வந்தால் வேட்டி பறக்கும் அளவுக்குக் காற்று இருக்கும், மழை இருக்காது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குக் கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று, பொள்ளாச்சியில் சாரலாகத் தூறிவிட்டு, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றிவிட மட்டும் போகும். கோவை நகரில் ஆண்டு முழுக்கப் பெய்வது 700 மில்லிமீட்டருக்கு முன்பின். மேற்கே மலைமேல் அதைப்போலப் பல மடங்கு. இந்த நிலத்தில் ஒரு தோப்புக்காரர் “ஏனுங்க தம்பி, நாளைக்கு மழை வருமா?” என்று கேட்டால், “எந்த ஊர்லீங்க?” என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இந்த ஒரு கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால், பல்கலைக்கழகங்களில் உயர்திறன் கணிப்பு, சுருக்கமாக எச்.பி.சி., என்ற பெயரில் நடக்கும் ஆராய்ச்சி என்னவென்று பிடிபட்டுவிடும். அதற்கான இயந்திரத்தைத்தான் சூப்பர் கம்ப்யூட்டர் என்கிறோம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரைவிட ஆயிரம் மடங்கு வேகமாக ஓடும் ஒரு பெரிய பெட்டி என்றுதான் பலரும் அதை நினைத்திருக்கிறார்கள். அப்படிக் கிடையாது. அதற்குள் இருக்கும் ஒரே ஒரு ‘கோர்’, அதாவது ப்ராசஸருக்குள் கணக்கு போடும் தனி அலகு, அதை மட்டும் எடுத்து உங்கள் புது லேப்டாப்போடு ஓடவிட்டால் லேப்டாப் ஜெயிப்பதற்கே வாய்ப்பு அதிகம். வேலையை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் மழைக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வானிலை மாதிரி என்பது ஒரு மென்பொருள். அது வளிமண்டலத்தைச் சின்னச்சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், அழுத்தம், காற்றின் வேகம், ஈரப்பதம் என்று சில எண்கள். இந்த நொடியில் இருக்கும் எண்களிலிருந்து, இயற்பியல் விதிகளின்படி, இன்னும் சில நொடிகள் கழித்து அவை என்னவாகும் என்று கணக்கிடும். பிறகு அதிலிருந்து அடுத்தது. இப்படியே படிப்படியாக நாளை மறுநாள் வரை நடந்துபோகும். கட்டம் எவ்வளவு பெரியது என்பதில்தான் நம் ஊரின் தலைவிதி இருக்கிறது. 12 கிலோமீட்டர் கட்டம் என்றால் பாலக்காட்டுக் கணவாயின் குறுக்கே மூன்று கட்டம்தான் விழும். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, சுற்றியிருக்கும் பள்ளத்தாக்குகளோடு சேர்ந்து சராசரியாகி, மொட்டை மேடாகிவிடும். மலையே மழுங்கிப்போன பிறகு மழைமறைவுப் பகுதி எங்கிருந்து வரும்? இந்திய வானிலைத் துறை உலகம் முழுமைக்குமாக ஓட்டிவந்த மாதிரி ரொம்ப நாள் 12 கிலோமீட்டரில்தான் இருந்தது. 2025 மே மாதம் ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ வந்து அதை 6 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தது.

நாம் இன்னும் நுணுக்கமாக, கொங்கு நாட்டுக்கு மட்டும் 1 கிலோமீட்டர் கட்டத்தில் பார்க்க ஆசைப்படுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டிலிருந்து சேலம் வரை, ஆனைமலையிலிருந்து மேட்டூர் வரை அடங்க, 240 கிலோமீட்டருக்கு 240 கிலோமீட்டர் சதுரம் போதும். தரையில் 57,600 கட்டம். மேலே வானத்தை நோக்கி 50 அடுக்கு. மொத்தம் 28,80,000 கட்டங்கள். கட்டம் சிறியதானால் காலத்தையும் சிறு துண்டாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் காற்று ஒரே எட்டில் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்து, எண்கள் கட்டுக்கடங்காமல் வெடித்துவிடும். பலரும் பயன்படுத்தும் டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியில், கட்டத்தின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கு 6 நொடி என்ற கணக்கில் காலத்துண்டு வைப்பது வழக்கம். மூன்று நாள் முன்னறிவிப்புக்கு 2,59,200 நொடி. அதை ஆறால் வகுத்தால் 43,200 படிகள். 28,80,000 கட்டத்தை 43,200 முறை கணக்கிட வேண்டும்: ஏறத்தாழ 12,440 கோடி முறை. ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்துக்கு 5,000 கூட்டல் பெருக்கல் என்று தோராயமாக வைத்தால், 622 லட்சம் கோடி கணக்கு.

இது மாதிரியான மென்பொருளில் ஒரு கோர் நொடிக்கு 100 கோடி கணக்கு போட்டுவிட்டாலே பெரிய விஷயம். அப்படியானால் முடிக்க 6,22,000 நொடி ஆகும். ஏழு நாள்! மூன்று நாளைக்கான முன்னறிவிப்பு ஏழாம் நாள் வந்து சேரும். அதற்குள் மழை பெய்து, சோளத்தட்டு நனைந்து, வெயிலும் அடித்திருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: 3 கிலோமீட்டர் கட்டத்தோடு நிறுத்தியிருந்தால் இதே வேலை ஆறரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கட்டத்தின் அகலத்தை மூன்றில் ஒன்றாக்கியதற்கு வேலை 27 மடங்கானது. கிழமேல் மூன்று, தென்வடல் மூன்று, காலத்தில் மூன்று. வானிலைக்காரர்கள் எவ்வளவு பெரிய இயந்திரம் கொடுத்தாலும் போதாது என்று சொல்வது பேராசையால் அல்ல, இந்தப் பெருக்கலால்தான்.

வேகமான கோர் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன? அந்தக் கதவு 2005 வாக்கிலேயே மூடிக்கொண்டது. அதுவரை ப்ராசஸரின் கடிகார வேகம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாவிக்கொண்டே வந்தது. அதற்குமேல் ஏற்றினால் சிப் சூட்டில் கருகும் என்ற நிலை வந்ததும், தயாரிப்பாளர்கள் வேகத்தை 3, 4 கிகாஹெர்ட்ஸோடு விட்டுவிட்டு ஒரே சிப்பில் பல கோர்களை வைக்க ஆரம்பித்தார்கள். 3 கிகாஹெர்ட்ஸில் கடிகாரம் ஒருமுறை துடிக்கும் நேரத்தில் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போகும். ஒருவரை வேகமாக ஓடச் சொல்வதற்கு எல்லை இருக்கிறது. ஆட்களைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

இயந்திரம் எப்படி இருக்கும்?

இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஒரு கிளஸ்டர். தனித்தனிக் கம்ப்யூட்டர்களை அடுக்கடுக்காக அலமாரியில் செருகி, வேகமான கம்பியால் பிணைத்திருப்பார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோட். ஒரு நோடில் இரண்டு ப்ராசஸர், அவற்றில் மொத்தம் 40, 64, 128 என்று கோர்கள். சில நோடுகளில் கூடவே ஜி.பி.யூ. இருக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கோர்கள் ஒரே கட்டளையை வெவ்வேறு எண்கள்மேல் ஒரே சமயத்தில் செய்வதற்கென்று அமைந்தது அது. எல்லா நோடுகளும் சேர்ந்து படிக்க, எழுத ஒரு பொதுச் சேமிப்பகம். வெளியிலிருந்து வருபவர்கள் உள்ளே நுழைய ஒரு லாகின் நோட். லாகின் நோடிலேயே தன் புரோகிராமை ஓட்டி மற்ற எல்லாரையும் நத்தை வேகத்துக்கு இறக்கிவிடும் புது மாணவர் ஒருவராவது ஒவ்வொரு வருடமும் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பார்.

இப்படிச் சாதாரணக் கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டும் வழக்கத்துக்கு வயது முப்பது சொச்சம். 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 பி.சி.களை ஈதர்நெட் கம்பியால் இணைத்து ‘பியோவுல்ஃப்’ என்று பெயர் வைத்தார்கள். கடையில் கிடைக்கிற சாமான், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதற்குமுன் சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் சில நிறுவனங்கள் மட்டும் தனியாகச் செய்து, அரசாங்கங்கள் மட்டும் வாங்கக்கூடிய பொருள். பியோவுல்ஃப் வந்தபின் பல்கலைக்கழகத் துறை ஒன்று தன் கைக்காசில் ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம் என்றானது. எச்.பி.சி. ஆராய்ச்சி கல்லூரிகளுக்குள் பரவியதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். இன்றைக்கு உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2017 நவம்பரிலிருந்து அப்படி.

நம் நாட்டுக் கதையும் வானிலையில்தான் தொடங்குகிறது. பருவமழையைக் கணிக்க அமெரிக்காவிடமிருந்து ஒரு ‘க்ரே’ இயந்திரம் 1988இல் டெல்லிக்கு வந்தது. அதைவிடத் திறன் கூடியதைத் தர அவர்கள் தயங்கினார்கள். அதே 1988இல் புனேவில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டு, விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வெளிவந்தது. அதுவும் பல ப்ராசஸர்களை இணைத்துக் கட்டியதுதான். 2015இல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கம் அறிவிக்கப்பட்டது. அதன் வழியாகத் திருச்சி என்.ஐ.டி.க்கு 2022இல் ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது, 838 டெராஃப்ளாப்ஸ். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு என்று பொருள். நம் மழைக்கணக்கு மொத்தமே 622 லட்சம் கோடி. அப்படியானால் ஒரே நொடியில் முடித்துவிடுமா?

முடிக்காது. அது ஏன் என்பதில்தான் இந்தத் துறையே அடங்கியிருக்கிறது.

பங்கு பிரித்தால் வரும் தொல்லை

240க்கு 240 நிலத்தை எட்டுக்கு எட்டாக வெட்டி 64 பங்காக்குவோம். ஒவ்வொரு கோருக்கும் 30க்கு 30, அதாவது 900 கட்டம் கொண்ட ஒரு துண்டு. பொள்ளாச்சி ஒரு கோரிடம், உடுமலை பக்கத்துக் கோரிடம். ஆனால் காற்றுக்கு இந்த வரப்பு தெரியாது. உடுமலையின் மேற்கு ஓரத்துக் கட்டத்தைக் கணக்கிட வேண்டுமானால் பொள்ளாச்சியின் கிழக்கு ஓரத்தில் இப்போது என்ன வெப்பம், என்ன காற்று என்று தெரிந்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு படியிலும் எல்லாக் கோர்களும் தங்கள் ஓரத்து எண்களை அண்டைக் கோர்களுக்கு அனுப்பி, அவர்களுடையதை வாங்கிக்கொள்ளும். இந்தப் பரிமாற்றத்துக்கென்று உலகமே பயன்படுத்தும் ஒழுங்குமுறைக்கு எம்.பி.ஐ. என்று பெயர். 64 பங்கு இருக்கும்போது இது பெரிய சுமையில்லை. 900 கட்டத்துக்குக் கணக்கு போடுகிறோம், 120 கட்டத்தின் சேதியை வாங்குகிறோம்.

இன்னும் வேகம் வேண்டுமென்று 48க்கு 48ஆக, 2,304 பங்காக்கிப் பாருங்கள். ஒரு கோருக்கு 5க்கு 5, வெறும் 25 கட்டம். நாலு பக்கமும் அண்டை வீட்டிலிருந்து வாங்க வேண்டியது 20 கட்டம். வேலைக்குச் சமமாகப் பேச்சு வந்துவிட்டது.

நேரத்தில் இது எவ்வளவு? ஒரு கோர் தனியாகச் செய்தால் ஒரு படிக்கு 14.4 நொடி. 2,304 கோர் என்றால் ஆறேகால் மில்லிநொடி. ஒரு படிக்குள் பல தடவை சேதி பரிமாற வேண்டியிருக்கும். 200 சேதி என்று வைப்போம். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு சேதி கிளம்பிப் போய்ச் சேர 50 மைக்ரோநொடி என்றால், 200 சேதிக்கு 10 மில்லிநொடி. கணக்கைவிடக் காத்திருப்பு அதிகம்! இன்ஃபினிபேண்ட் போன்ற வலைப்பின்னலில் ஒரு சேதிக்கு ஒன்றிரண்டு மைக்ரோநொடிதான் ஆகும். 200 சேதியும் அரை மில்லிநொடிக்குள் முடியும். சூப்பர் கம்ப்யூட்டரின் விலையில் ஒரு நல்ல பங்கு இந்தக் கம்பிக்கும், கம்பிகளை இணைக்கும் ஸ்விட்சுக்கும் போவது இதனால்தான். ப்ராசஸர் எல்லாருக்கும் ஒன்றுதான்; காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் காசு.

வால்பாறைக்கு மேல் கருமேகம் திரண்டிருக்கிறது, காங்கேயத்துக்கு மேல் வெறும் வானம் என்று இன்னொரு நிலைமை. மேகம் இருக்கும் கட்டத்தில் துளி உருவாவது, சேர்வது, விழுவது என்று கூடுதல் கணக்கு. காங்கேயத்துக் கோர் சீக்கிரம் முடித்துவிட்டு, வால்பாறைக் கோர் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். எல்லாரும் முடித்தால்தான் அடுத்த படி. ஒருவர் தாமதித்தால் மொத்தக் கூட்டமும் தாமதம். மேகம் நகர நகரப் பங்கையும் மாற்றி வெட்டுவது எப்படி, அப்படி மாற்றுவதற்கே ஆகும் செலவு எவ்வளவு? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பல முனைவர் பட்டங்கள் வந்திருக்கின்றன, இன்னும் வரும்.

பங்கு பிரிக்கவே முடியாத பகுதி என்றும் ஒன்று இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆர்டருக்குக் கட்டிங் மாஸ்டர் துணி வெட்ட ஒரு மணி நேரம், ஒரே டெய்லர் தைத்தால் 19 மணி நேரம். ஆக 20 மணி. 19 டெய்லர்களை உட்காரவைத்தால் தையல் ஒரு மணி நேரத்தில் முடியும். மொத்தம் இரண்டு மணி. பத்து மடங்கு வேகம். சரி, இன்னும் பத்து மடங்கு ஆள் போடலாம் என்று 190 பேரை அழைத்தால்? தையல் ஆறு நிமிடம். ஆனால் வெட்டுவதற்கு அதே ஒரு மணி. மொத்தம் ஒரு மணி ஆறு நிமிடம், 18 மடங்குதான். ஊர்ப்பட்ட டெய்லர்களைக் கூட்டி வந்தாலும் 20 மடங்கைத் தாண்டவே முடியாது. கம்ப்யூட்டரில் இந்த உச்சவரம்பை 1967இல் ஜீன் அம்டால் சுட்டிக்காட்டினார். புரோகிராமில் 5 சதவீதம் பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்குக்குள்தான். கல்லூரி ஆய்வகத்தில் முதல்முதலாக ஒரு புரோகிராமைப் பல கோரில் ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். கோப்பைத் திறந்து படிப்பது, முடிவை எழுதுவது என்று அவர்கள் கணக்கிலேயே எடுக்காத இடத்தில் அந்த 5 சதவீதம் ஒளிந்திருக்கும்.

1988இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் கஸ்டாஃப்சன் ஒரு மறுபக்கத்தைக் காட்டினார். பெரிய இயந்திரம் கையில் கிடைத்தால் யாரும் பழைய சின்னக் கணக்கையே சீக்கிரம் முடிக்கப் பார்ப்பதில்லை. அதே நேரத்துக்குள் பெரிய கணக்கைப் போடப் பார்க்கிறார்கள். வேலை பெருகப் பெருக, பிரிக்க முடியாத பகுதியின் பங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. 3 கிலோமீட்டர் கட்டத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குப் போன நம் ஆசையும் அந்த வகைதான்.

838 டெராஃப்ளாப்ஸ் என்பது தாளில் உள்ள உச்ச வேகம். சூப்பர் கம்ப்யூட்டர்களைத் தரவரிசைப்படுத்தும் டாப் 500 பட்டியல், 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும் வருகிறது. அதற்கு லின்பாக் என்ற தேர்வு. பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்ப்பது. ப்ராசஸருக்கு ரொம்பப் பிடித்த வேலை அது, உச்சத்தில் பாதிக்குமேல் எடுத்துவிடும். வானிலை, நீரோட்டம் போன்ற நிஜ வேலைகளில் எண்கள் நினைவகத்திலிருந்து வந்து சேரவே நேரம் பிடிக்கும். அந்தக் குணத்தைச் சோதிக்கும் எச்.பி.சி.ஜி. என்ற இன்னொரு தேர்வில் பெரிய இயந்திரங்கள் பலவும் உச்சத்தில் சில சதவீதம்தான் எடுக்கின்றன. ஆகவே யாராவது “எங்கள் கல்லூரியில் இத்தனை டெராஃப்ளாப்ஸ்” என்று சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, “எந்த வேலையிலீங்க?” என்று கேட்கலாம்.

எல்லா வேலையும் ஒரே சாதி இல்லை

மழைக்கணக்கில் கோர்கள் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். நேரெதிர் ரகமும் உண்டு. ஈரோட்டு மஞ்சளில் இருக்கும் குர்குமினும் அதன் உறவு மூலக்கூறுகளும் ஒரு நோய்ப் புரதத்தோடு ஒட்டுமா என்று பார்க்கும் டாக்கிங் வேலையை எடுங்கள். பத்தாயிரம் மூலக்கூறு இருந்தால் பத்தாயிரமும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை. நூறு கோர் இருந்தால் ஆளுக்கு நூறு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கலாம். கம்பி மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒட்டுவதாகத் தெரிந்த மூலக்கூறு உண்மையில் அங்கேயே நிலைத்து நிற்குமா என்று அணுவணுவாக அசைத்துப் பார்க்கும் மூலக்கூறு இயக்கக் கணிப்பு தலைகீழ். அதில் ஒரு படி என்பது இரண்டு ஃபெம்டோநொடி (மைக்ரோநொடியை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோநொடி). ஒரு மைக்ரோநொடி இயக்கத்தைப் பார்க்க 50 கோடிப் படிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இடத்தைப் பங்கு போடலாம். காலத்தை எளிதில் பங்கு போட முடியாது. நாளைய நிலை இன்றைய நிலையிலிருந்துதானே வர வேண்டும்.

கோர் எவ்வளவு இருந்தாலும் பயனில்லாமல், நினைவகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வேலையும் இருக்கிறது. கோவையில் 1912 முதல் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தை உதாரணத்துக்கு எடுக்கலாம். கரும்பின் மரபணுத்தொகுதி சுமார் 1,000 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப்போல மூன்று மடங்கு. ஒவ்வொரு குரோமோசோமும் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட பல பிரதிகளாக இருக்கும். இப்படி ஒரு பயிரின் டி.என்.ஏ.வைச் சின்னத் துண்டுகளாகப் படித்து மறுபடி ஒட்டவைக்க, துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். பல நூறு கிகாபைட் ரேம் உள்ள ஒரே ஒரு நோட், 64 சின்ன நோடுகளைவிட அங்கே உதவும்.

கோவையின் பம்ப் தொழிலுக்கும் இதில் இடமிருக்கிறது. பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரின் இறக்கை வளைவைக் கொஞ்சம் மாற்றினால் தண்ணீர் எப்படிச் சுழலும், எங்கே குமிழி உண்டாகி உலோகத்தை அரிக்கும் என்று வார்ப்பு எடுப்பதற்கு முன்பே கணக்கிடலாம். ஓபன்ஃபோம் என்ற இலவச மென்பொருளே போதும். இருபது வடிவத்தை வார்த்துப் பார்ப்பதற்குப் பதில் இருபது ஜாப் (கிளஸ்டரிடம் கொடுக்கும் ஒரு வேலைக்கு ஜாப் என்று பெயர்) ஓட்டுவது மலிவு. பட்டறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இன்னும் நிறையப் போக்குவரத்து இருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பல்கலைக்கழகத்தில் இதை யார் செய்கிறார்கள்?

இரண்டு கூட்டம். இயந்திரத்தைப் பயன்படுத்தித் தன் கேள்விக்குப் பதில் தேடுபவர்கள் ஒன்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் வட்டார அளவில் வானிலை சொல்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் உயிர்தகவலியல் துறை இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறைகளில் நீரோட்டமும் வெப்பமும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் ஒரு கருவி. அந்தக் கருவியையே ஆராய்பவர்கள் இன்னொரு கூட்டம். வேலையை எப்படி வெட்டுவது, சேதியைக் கணக்குக்கு நடுவே மறைத்து அனுப்புவது எப்படி, மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது, ஒரு நோட் செத்தால் என்ன செய்வது என்பவை இவர்களுடைய கேள்விகள். இந்தக் கடைசிக் கேள்வி வெறும் பயமுறுத்தல் இல்லை. ஒரு நோட் சராசரியாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் பழுதாகும் என்றாலும், ஆயிரம் நோட் இருந்தால் கிட்டத்தட்ட தினம் ஒன்று போகும். அதனால் நீண்ட ஜாப்புகள் அவ்வப்போது தங்கள் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். விழுந்தால் அங்கிருந்து எழலாம். நம் ஊர் மின்வெட்டுக்கும் இது நல்லது.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், பெரும்பாலான கல்லூரிகளில் ஆளே இல்லாத ஒரு நாற்காலி இருக்கிறது: கிளஸ்டரைப் பராமரிப்பவர். ஜி.பி.யூ. வாங்கும்போது ரிப்பன் வெட்டிப் படம் எடுப்பார்கள். ஏ.சி.க்கும் மின்கட்டணத்துக்கும் அந்த ஒருவரின் சம்பளத்துக்கும் பட்ஜெட்டில் தலைப்பே இருக்காது. 500 வாட் இழுக்கும் 20 நோட் இரவு பகலாக ஓடினால் மாதம் 7,200 யூனிட், குளிரூட்டல் தனி. இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கிய இயந்திரம், உறை போட்டு மூடியபடி ஓர் ஓரத்தில் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

பொதுக் கிளஸ்டரில் நீங்கள் நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஸ்லர்ம் போன்ற மென்பொருள் அந்த வரிசையை நடத்தும். பெரிய ஜாப் ஒன்று 20 நோட் காலியாவதற்காகக் காத்திருக்கும்போது, அதுவரை காலியாகிக் கிடக்கும் நோடுகளில், அந்தப் பெரிய ஜாப் தொடங்குவதற்குள் முடிந்துவிடும் சின்ன ஜாப்புகளை ஸ்லர்ம் நுழைத்துவிடும். பயத்தில் எல்லாரும் மூன்று மணி வேலைக்கு மூன்று நாள் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இடுக்கில் அவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. உள்ளதை உள்ளபடி, கொஞ்சம் மட்டும் கூட்டி எழுதுபவருக்கு வேலை சீக்கிரம் முடியும்.

தொடங்குவதற்குப் பரம் எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் லேப்டாப்பில் லினக்ஸும், எம்.பி.ஐ.க்கான இலவச மென்பொருளான ஓபன் எம்.பி.ஐ.யும் போட்டால் போதும், அதிலேயே நான்கு, எட்டு கோர் இருக்கும். ஆய்வகத்தில் ஒதுக்கிவைத்த பழைய பி.சி. நாலும் ஒரு ஸ்விட்சும் கிடைத்தால் இன்னும் நல்லது. மெதுவான கம்பி என்ன பாடுபடுத்தும் என்பதை அதில்தான் ஒழுங்காகக் கற்க முடியும். ஒரு தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் புரோகிராம் எழுதுங்கள். நம் மழைக்கணக்கின் குட்டி அது. ஓரத்து எண்களை அண்டைக்கு அனுப்பும் வேலை அதிலும் உண்டு. ஒரு கோர், இரண்டு, நான்கு, எட்டு என்று ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடையையும் ஒப்பிடுங்கள். எல்லாக் கட்டத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கடைசி சில தசம இலக்கங்கள் கோர் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி மாறும். பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் முழுமையாக்கலில் நுனி மாறும். பங்கு பிரித்தால் வரிசை மாறத்தான் செய்யும்.

இரண்டு கோருக்கு வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், நாலுக்கு மூன்று சொச்சம், எட்டுக்கும் அதே மூன்று சொச்சத்தில் நின்றுவிடலாம். அப்போது தகட்டின் அளவைக் குறைத்து, ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்திலேயே அடங்கும்படி வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். இப்போது எட்டு கோருக்கும் வேகம் ஏறினால், எல்லாக் கோர்களும் ரேமுக்குப் போகும் ஒரே பாதையில் நெரிசல்பட்டிருக்கின்றன என்று தெரியும். ஏறவில்லை என்றால், ஒரே கோர் மட்டும் ஓடும் பகுதி ஏதாவது புரோகிராமில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் லேப்டாப்பின் அடியில் கைவைத்துப் பாருங்கள், சூடு தாங்காமல் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்.